எல்லாம் சண்டைக் கதை என்பவர்களுக்கு

ஷின்-சானைத் தெரியாத குழந்தைகள் இந்திய நகரங்களில் குறைவு. அம்மாவை ஓட ஓட விரட்ட வைக்கும் அந்த ஐந்து வயது வாலுப் பையனைத் தொலைக்காட்சியில் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. ஆனால் அவன் பிறந்தது சிறுவர் பத்திரிகையில் அல்ல. 1990இல் யோஷிதோ உசுய் அவனை முதன்முதலில் வரைந்தது 'வீக்லி மங்கா ஆக்‌ஷன்' என்ற, வளர்ந்த ஆண்களுக்கான வார இதழில். வீட்டுக் கடன், அலுவலகக் களைப்பு, அடங்காத பிள்ளை என்று அந்தக் கதையில் தங்கள் வீட்டையே பார்த்துச் சிரித்தவர்கள் அப்பாக்கள். குழந்தைகள் பிறகுதான் வந்தார்கள்.

ஜப்பானியப் படக்கதையான மங்காவைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்தை இந்த ஒரு தகவலே ஆட்டம் காண வைக்க வேண்டும். அந்தக் கருத்து இதுதான்: மங்கா என்றால் பெரிய கண்கள், முள் முள்ளாக நிற்கும் தலைமுடி, பக்கத்துக்குப் பக்கம் அடிதடி, பத்தாம் வகுப்போடு விட்டுவிட வேண்டிய சமாச்சாரம். பெற்றோர் இதைக் கவலையோடு சொல்கிறார்கள். நல்ல இலக்கிய வாசகர்களோ அக்கறையே இல்லாமல் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், மங்காவின் தீவிர ரசிகர்களில் பலரும் வேறு சொற்களில் இதையேதான் நம்புகிறார்கள். மூன்று தரப்புமே தவறு.

ரசிகர்களிடமிருந்தே தொடங்கலாம். இணையத்தில் மங்கா வாசிக்கும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் கதை வகைகளின் வரிசை ஒன்று கண்ணில் படும். ஆக்‌ஷன், காதல், திகில், மாயாஜாலம் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் ஆகியவையும் இருக்கும். முதல் நான்கும் கதை என்ன வகை என்று சொல்கின்றன. அடுத்த நான்கும் அதைச் சொல்லவில்லை. ஒரு கதை பையன்களுக்கான பத்திரிகையில் வந்ததா, பெண் பிள்ளைகளுக்கானதிலா, வளர்ந்த ஆண்களுக்கானதிலா, வளர்ந்த பெண்களுக்கானதிலா என்பதை மட்டுமே அவை தெரிவிக்கின்றன. அதாவது, பதிப்பகம் தன் இதழை எந்த வாசகர் கையில் கொடுக்க நினைத்தது என்ற விவரம். இந்த இரண்டையும் ஒரே வரிசையில் வைத்ததால், 'ஷோனென் என்றால் சண்டை, ஷோஜோ என்றால் காதல்' என்ற பாடம் லட்சக்கணக்கான வாசகர்களுக்கு மனப்பாடமாகிவிட்டது.

இந்தப் பாடம் எவ்வளவு பொய் என்பதற்கு மகோட்டோ யுகிமுராவின் 'வின்லாண்ட் சாகா' போதும். 11ஆம் நூற்றாண்டு வைக்கிங்குகளின் கதை. 2005இல் 'வீக்லி ஷோனென் மேகசின்' இதழில் தொடங்கியது. வாரம் ஒரு அத்தியாயம் என்ற வேகத்துக்கு யுகிமுராவால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதே ஆண்டின் இறுதியில் கதை 'ஆஃப்டர்நூன்' மாத இதழுக்கு மாறியது. அதே நாயகன், அதே பழிவாங்கல், அதே கை வரைந்த கோடுகள். ஆனால் நேற்றுவரை ஷோனென், இன்றுமுதல் செய்னென். கதையில் மாறியது ஒன்றுமில்லை. பத்திரிகை மாறியது, அவ்வளவுதான்.

அந்தக் கதை எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கும் தோர்ஃபின், ஒரு கட்டத்தில் பழிவாங்கும் வாய்ப்பையே இழந்து, பண்ணை அடிமையாகக் காட்டைத் திருத்திக் கோதுமை விதைக்கிறான். பல தொகுதிகள் நீளும் இந்தப் பகுதியில் வாள் அநேகமாக உறையைவிட்டு வருவதில்லை. வேர்களைப் பிடுங்குவதும் மண்ணைப் புரட்டுவதும் கூடவே உழைக்கும் இன்னொரு அடிமையிடம் தன் குற்றங்களை ஒப்புக்கொள்வதும்தான் கதை. சண்டைக் கதை என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்று, சண்டையைக் கைவிட ஒரு மனிதன் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இத்தனை பொறுமையாகக் கேட்கிறது. அட்டைப்படத்தில் கோடரியைப் பார்த்துவிட்டு ஒதுக்குபவர்கள் இழப்பது இதைத்தான்.

இந்தத் தவறான பிம்பம் காற்றிலிருந்து வந்துவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு; காரணத்துக்குப் பெயரும் உண்டு: 'ஷோனென் ஜம்ப்'. ஷூயேஷா பதிப்பகம் 1968இல் தொடங்கிய இந்த இதழ், இதழோடு வரும் தபால் அட்டையில் தங்களுக்குப் பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டது. அட்டைகளில் தொடர்ந்து பின்தங்கும் கதை சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டுவிடும். வாராவாரம் பரீட்சை எழுதும் இந்த நெருக்கடியில், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று ஏங்க வைக்கும் போட்டிகளும் மோதல்களும் இயல்பாகவே தழைத்தன. 1990களின் நடுவில் அந்த இதழின் ஒரு வார விற்பனை 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் வரை போனது. வென்ற கதைகள் தொலைக்காட்சித் தொடராயின, பொம்மையாயின, விளையாட்டாயின, கடல் கடந்தன. வெளிநாட்டு வாசகருக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெரும் வணிகக் குழாயின் வழியாக வந்தது மட்டுமே. 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'ஒன் பீஸ்' போன்ற ஒன்று முன்னால் நிற்கும்போது பின்னால் இருப்பவை தெரியாமல் போவது புரிந்துகொள்ளக் கூடியதே. தெரியாததை இல்லை என்று தீர்ப்பெழுதுவதுதான் தவறு.

அந்த ஜம்ப் இதழையே எடுத்துக்கொள்வோம். 1973இல் அதில் ஒரு தொடர் ஆரம்பமானது. வரைந்தவர் கெய்ஜி நகாசாவா. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துச் சுவர் மறைத்ததால் உயிர் பிழைத்தார். இடிந்த வீட்டுக்கடியில் அப்பாவும் அக்காவும் தம்பியும் சிக்கி எரிந்துபோனார்கள். அன்றே அம்மாவுக்குப் பிரசவம். அதைத்தான் 'வெறுங்கால் கென்' என்ற தொடராக அவர் வரைந்தார். கூரைக்கடியிலிருந்து அப்பா மகனைப் போகச் சொல்லும் பக்கங்களைப் படித்தவர்கள் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. தோல் உரிந்து தொங்க நடந்து வரும் மனிதர்களை நகாசாவா மழுப்பாமல் வரைந்தார். அதைவிடத் துணிச்சலானது, குண்டு போட்ட அமெரிக்காவோடு சேர்த்து, போருக்குக் கொடி பிடித்த ஜப்பானிய அரசையும் அக்கம்பக்கத்தாரையும் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. கென்னின் அப்பா போரை எதிர்ப்பவர். அதற்காக ஊரே அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைக்கிறது. இவ்வளவும் வந்தது பையன்கள் காசு சேர்த்து வாங்கும் ஒரு வார இதழில். ஷோனென் என்றாலே பொழுதுபோக்கு என்பவர்கள் இந்தத் தொடருக்கு எந்த இடத்தைத் தருவார்கள்?

சண்டையும் போட்டியும் உள்ள கதைகளையே மட்டமென்று ஒதுக்குவதும் நியாயமில்லை. தகேஹிகோ இனோவேயின் 'ஸ்லாம் டங்க்' ஒரு பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியின் கதை. 1990 முதல் 1996 வரை ஜம்ப்பில் வந்தது. அதன் கடைசி ஆட்டத்தின் இறுதி நொடிகளை இனோவே கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் வரைந்திருக்கிறார். கூட்டத்தின் கூச்சல் இல்லை, பந்து தரையில் மோதும் ஒலி எழுத்துகள் இல்லை. ஓடும் கால்கள், திரும்பும் தலை, நீளும் கை. பக்கத்தைத் திருப்பும் வேகத்தை வாசகரிடமே விட்டுவிடுகிறார். ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு வீரர்கள் கையோடு கை தட்டிக்கொள்ளும் காட்சி இரண்டு பக்கத்துக்கு விரிகிறது. அதற்கடுத்த சுற்றில் அந்த அணி தோற்றுவிட்டது என்பதைப் போகிற போக்கில் சொல்லி முடிக்கிறார். வெற்றியை இப்படி நிறுத்தி வைத்து, தோல்வியை இப்படிக் கடந்துபோகத் தெரிந்த கலைஞரைச் சிறுவர் சமாச்சாரம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

பெண் பிள்ளைகளுக்கான பத்திரிகைகளுக்கு நேர்ந்த அநியாயம் இன்னும் பெரிது. 'ஷோஜோவா, காதல் கதைதானே' என்று கடந்துபோகிறவர்கள் 1970களில் அங்கே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1972இல் 'மார்கரெட்' இதழில் ரியோகோ இகேடா 'வெர்சாயின் ரோஜா'வைத் தொடங்கினார். பிரெஞ்சுப் புரட்சிதான் களம். ஆணாக வளர்க்கப்பட்டு அரசியின் காவல்படைத் தலைவியாகும் ஆஸ்கர், கடைசியில் பாஸ்டில் கோட்டையைத் தாக்கும் மக்கள் பக்கம் நின்று உயிரை விடுகிறாள். மகுடத்துக்கு விசுவாசம் காட்டுவதா, பசித்த ஜனத்தின் பக்கம் நிற்பதா என்ற அரசியல் கேள்வியைப் பதின்மூன்று வயதுச் சிறுமிகள் வாராவாரம் காத்திருந்து படித்தார்கள். இகேடாவுக்குப் பிரான்ஸ் அரசு 2009இல் தன் உயரிய லெஜியன் ஆஃப் ஆனர் விருதை வழங்கியது.

அதே காலத்தில் மோட்டோ ஹாகியோ சிறுமிகள் இதழில் விண்வெளிக் கதை எழுதினார். 'அவர்கள் பதினொருவர்' என்ற அந்தக் கதையில், பத்துப் பேர் தேர்வெழுதப் போன கலத்தில் பதினோராவது ஆள் ஒருவர் இருக்கிறார். யார் அந்த ஆள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆணா பெண்ணா என்பது பிறப்பிலேயே தீர்மானமாகிவிடாத ஒரு பாத்திரமும் அதில் உண்டு. 1975இல் வெளிவந்த கதை இது. மறுபுறம், ஆண் பிள்ளைகளுக்கான 'ஷோனென் சண்டே' இதழில் 1978 முதல் கொடிகட்டிப் பறந்தவர் ருமிகோ தகாஹாஷி என்ற பெண். பிரான்சின் அங்குலேம் விழா 2019இல் அவருக்குப் பெரும் பரிசு கொடுத்தது. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' வரைந்த ஹிரோமு அரகாவாவும் பெண்தான். இதழின் அட்டையில் எழுதியிருக்கும் பால், எழுதுபவரையும் கட்டுப்படுத்தவில்லை, வாசிப்பவரையும் கட்டுப்படுத்தவில்லை.

அரகாவாவின் இன்னொரு படைப்பில் சற்று நிற்க வேண்டும். அவர் ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். 'வெள்ளிக் கரண்டி' என்ற அவரது தொடர் 2011இல் 'ஷோனென் சண்டே'யில் தொடங்கியது. படிப்புப் போட்டியில் துவண்டுபோன ஹச்சிகென் என்ற நகரத்துப் பையன், விவசாய உயர்நிலைப் பள்ளி விடுதியில் வந்து சேர்கிறான். அங்கே தாயிடம் பாலுக்கு முண்டியடிக்க முடியாத நோஞ்சான் பன்றிக்குட்டி ஒன்றின்மேல் அவனுக்குப் பாசம் விழுகிறது. பெயர் வைக்காதே, வைத்தால் பிரிவது கஷ்டம் என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். அவன் வைக்கிறான்; அதுவும் பன்றி இறைச்சிச் சோற்றின் பெயரை. குட்டி வளர்கிறது, எடை ஏறுகிறது, இறைச்சிக்கூடத்துக்குப் போகிறது. ஹச்சிகென் விடுமுறையில் பண்ணையில் உழைத்துச் சம்பாதித்த கூலியைக் கொடுத்து அந்த இறைச்சியை வாங்கி, தானே உப்பிட்டு, புகையிட்டு, நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அழுகையும் இல்லை, உபதேசமும் இல்லை. அவனுடைய நண்பன் ஒருவனின் குடும்பப் பண்ணை கடனில் மூழ்குகிறது. மாடுகள் விலைபோகின்றன. பேஸ்பால் வீரனாகும் கனவோடு படிப்பையும் விட்டுவிட்டு அந்தப் பையன் வேலைக்குப் போகிறான். விவசாயக் கடனைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் கதை பெரியவர்களுக்கான பத்திரிகைகளில்கூட அடிக்கடி வருவதில்லை. இதற்குத் தளங்கள் போட்டிருக்கும் முத்திரை: ஷோனென், நகைச்சுவை.

வளர்ந்தவர்களுக்கான இதழ்களுக்கு வந்தால் பரப்பு இன்னும் விரியும். 'மார்னிங்' இதழில் கென்ஷி ஹிரோகானே 1983இல் தொடங்கிய 'பிரிவுத் தலைவர் கோசாகு ஷிமா' ஒரு மின்சாதன நிறுவன ஊழியரின் அலுவலக வாழ்க்கை. கோஷ்டிச் சண்டை, இடமாற்றம், பதவி உயர்வு என்று வாசகர்களோடு சேர்ந்தே மூப்படைந்த ஷிமா, 2008இல் நிறுவனத்தின் தலைவரானார். 'ஓய்ஷின்போ' முழுக்க முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியது. சோறு, மீன், சோயா என்று ஒவ்வொன்றையும் துருவி ஆராய்வது. 2014இல் ஃபுகுஷிமா அணு உலைக்குப் போய்வந்தவருக்கு மூக்கில் ரத்தம் வருவதாக அதில் ஒரு காட்சி வந்தது. மாநில அரசு கண்டனம் தெரிவித்தது. பிரதமர் வரை பேச நேர்ந்தது. அந்தக் காட்சி அறிவியல்படி சரியா என்பது தனி விவாதம். ஒரு படக்கதையின் சில கட்டங்களுக்கு ஓர் அரசு பதில் சொல்ல வேண்டிவந்தது என்றால், அந்த நாட்டில் அதைப் படிப்பவர்கள் யார் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. நியூ பிரிட்டன் தீவில் போரில் இடது கையை இழந்த ஷிகெரு மிசுகி, 1973இல் தன் படைப்பிரிவின் அர்த்தமற்ற சாவை ஒற்றைக் கையால் வரைந்தார். யோஷிஹிரோ தத்சுமி 1950களிலேயே நகரத்து உழைப்பாளிகளின் இருட்டை வரையத் தொடங்கிவிட்டார்.

பெற்றோரின் கவலைக்கு வருவோம். வன்முறையும் ஆபாசமும் நிறைந்த மங்கா உண்டா? உண்டு, நிறையவே உண்டு. பெண்களைக் கேவலமாக வரைபவையும் உண்டு. அவற்றை யாரும் இங்கே காப்பாற்றப் போவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதைப் படிக்கிறது என்று கவனிப்பது பெற்றோரின் கடமை. ஆனால் கவனிப்பது வேறு, மொத்தமாகக் கதவைச் சாத்துவது வேறு. இதை ஜப்பானே பட்டுத் தெரிந்துகொண்டது. 1950களின் நடுவில் கெட்ட புத்தகங்களை ஒழிக்கிறோம் என்று பெற்றோர் அமைப்புகள் கிளம்பியபோது, மருத்துவம் படித்த மனிதாபிமானியான ஒசாமு தெசுகாகூடத் தாக்குதலுக்குத் தப்பவில்லை. பிற்காலத்தில் புத்தரின் வாழ்க்கையைப் பத்தாண்டுக்கு மேல் உட்கார்ந்து வரைந்தவர் அவர். 2012இல் மட்சுயே நகரத்துக் கல்வித் துறை, பயங்கரமான காட்சிகள் இருப்பதாகச் சொல்லி, பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி 'வெறுங்கால் கென்'னைப் பள்ளி நூலகங்களில் உள்ளே வைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு ஊர் கொதித்தெழுந்த பிறகே அந்த உத்தரவு விலக்கப்பட்டது. முழுதாக ஒதுக்கக் கிளம்பும் கை, குப்பையோடு நகாசாவாவையும் சேர்த்தே அள்ளும்.

இனி இணையத்துக்கு. ரசிகர்கள் வைக்கும் வாதம் ஒன்று உண்டு: "சட்டப்படியான செயலிகளில் கிடைப்பது சண்டைக் கதை மட்டும்தான், மற்ற வகைகளைப் படிக்க வேண்டுமென்றால் திருட்டுத் தளம்தான் கதி." பாதி உண்மை இதில் இருப்பதை மறுக்க முடியாது. வளர்ந்த பெண்களுக்கான மங்காவில் பெரும்பகுதி இன்னும் ஆங்கிலத்துக்கே வரவில்லை. ஒரு காலத்தில், காசு வாங்காமல் மொழிபெயர்த்த ரசிகர்கள் இல்லையென்றால் பல நல்ல பெயர்கள் வெளியே தெரிந்திருக்காது.

அந்தக் காலம் போய்விட்டது. 2019 ஜனவரியில் ஷூயேஷாவின் 'மங்கா பிளஸ்' வந்தது. ஜப்பானில் இதழ் வெளியாகும் நேரத்திலேயே புது அத்தியாயம் உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடரின் தொடக்க அத்தியாயங்களும் அப்படியே. அமெரிக்காவின் விஸ் நிறுவனம் சிறிய மாதச் சந்தாவுக்குத் தரும் 'ஷோனென் ஜம்ப்' சேவை, தொடக்கத்திலேயே இந்தியாவையும் சேர்த்துக்கொண்டது. 'ஸ்பை ஃபேமிலி' எந்த அச்சு இதழிலும் தொடராக வந்ததில்லை. 2019இல் 'ஜம்ப் பிளஸ்' என்ற இணைய இதழிலேயே பிறந்தது. ஜப்பானுக்குள் 2019இல் மின்னணு மங்காவின் விற்பனை அச்சு மங்காவை முந்தியது. 2023இல் மொத்த விற்பனை சுமார் 69,370 கோடி யென். அதில் கிட்டத்தட்ட 70 விழுக்காடு மின்னணுப் பதிப்புகள். இணையத்தில் படிப்பதற்கு இன்று திருட்டு ஒன்றே வழி என்பது காலாவதியான பேச்சு.

திருட்டுத் தளம் பன்மையைக் காப்பாற்றுகிறது என்பதுதான் இந்த வாதத்தின் மோசமான பகுதி. நடப்பது நேரெதிர். அந்தத் தளங்களின் முகப்பைத் திறந்தால் அதிகம் பார்க்கப்பட்டவை வரிசையாக வரும். வேற்றுலகில் மறுபிறவி எடுக்கும் நாயகர்களும் மட்டம் மட்டமாக ஏறும் வீரர்களும் அந்த வரிசையை நிறைத்திருப்பார்கள். எந்த இதழில் வந்தது, யார் பதிப்பித்தது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. இதழின் பெயர் போனால் அந்த இதழில் அக்கம்பக்கமாக வந்த மற்ற கதைகளுக்கான வழியும் அடைபடும். பாதிப்பும் எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. 'ஒன் பீஸ்' திருட்டைத் தாங்கும். ஒரு மாத இதழில் வரும், சில ஆயிரம் பேர் மட்டும் படிக்கும் கதை தாங்காது. அத்தகைய கதைகளின் ஆயுளைத் தீர்மானிப்பது முதல் ஓரிரு தொகுதிகளின் விற்பனை. 2018இல் மூடப்பட்ட 'மங்காமுரா' தளத்தை நடத்தியவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2024இல் டோக்கியோ நீதிமன்றம் அவரை மூன்று பதிப்பகங்களுக்கு 170 கோடி யென்னுக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் பணம் நின்றுபோன சிறு தொடர்களை உயிர்ப்பிக்காது. விதவிதமான மங்கா வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர், பிடித்த சிறு தொடருக்குத்தான் முதலில் காசு கொடுக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இது எட்டாத சங்கதி என்ற பேச்சும் எழும். அதற்கான பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. டெல்லியில் தெருவில் நின்று இந்தியில் மங்கா விற்றுப் பார்த்த யுகிச்சி யமமட்சு, அந்த அனுபவத்தையே வரைந்தார். அந்த மங்காவை ஆங்கிலத்தில் வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். அதைவிட முக்கியமான சான்று சிவகாசியில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்திலிருந்து முத்து காமிக்ஸும் பின்னர் லயன் காமிக்ஸும் ஐரோப்பியப் படக்கதைகளைத் தமிழில் கொண்டுவருகின்றன. அப்படித் தமிழுக்கு வந்த டெக்ஸ் வில்லரையும் 'இரத்தப் படல'த்தையும் இன்றும் காசு கொடுத்து வாங்குபவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். இத்தாலியப் படக்கதையின் குதிரை வீரனான டெக்ஸைத் தமிழ் பேச வைத்து ரசித்த இந்த வாசகர்கள், ஜெர்மனியில் ஒரு மூளை அறுவை மருத்துவர் தான் காப்பாற்றிய சிறுவன் கொலைகாரனானதைக் கண்டு அவனைத் தேடி அலையும் நவோகி உராசாவாவின் 'மான்ஸ்டர்' தொடரை ஏன் படிக்க மாட்டார்கள்? பதினெட்டுத் தொகுதிகள், ஒன்றையொன்று விடாமல் இழுத்துச் செல்பவை. 'வெள்ளிக் கரண்டி' பதினைந்து தொகுதிகள். 'வெறுங்கால் கென்' பத்து. உரிமை கேட்டு எழுத வேண்டியது பதிப்பாளர்கள். கேட்கும்படி அவர்களை நச்சரிக்க வேண்டியது வாசகர்கள்.